படியேறிய நண்டு

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வகுப்பறை வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. தாராவியில் மழை விட்டதும் தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை முன்னைவிட மும்முரமாகத் திரும்பி வரும். அன்று அதோடு ஊதுபத்தி வாசனையும், சுண்டல் தாளித்த வாசனையும் சேர்ந்துகொண்டிருந்தன. வராந்தா முழுக்க ஈரச் செருப்புகள். அத்தனை செருப்புகளைப் பார்த்ததும் அந்த நல்ல மனிதர், உள்ளே ஏதோ கோயில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"சாஹேப், பூட்ஸ் கழற்ற வேண்டாம். இது சயின்ஸ்" என்று நான் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றி உளறினேன். அவர் காதில் விழவில்லை. சாக்ஸை உருவிப் பூட்ஸுக்குள் திணித்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் வேலையில் இருப்பேனா, வீட்டுக்குப் போவேனா என்பது அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பொறுத்த விஷயம்.

வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைச் சரியாக எழுதச் சொல்லி, இந்தத் தொடரைப் படிக்கும் என் தம்பி போனில் சண்டை போடுகிறான். வேண்டுமானால் அவன் தனியாக ஒரு தொடர் எழுதட்டும்.

நாங்கள் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்குக் கோட்டைப் பகுதியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்ததும் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு கிடைத்தது. தற்காலிக வேலைதான். தினமும் சாயங்காலம் நான் படியேறி வந்ததும், அம்மா கதவைத் திறந்து, "எதையும் தொடாதே, நேரே குளிக்கற ரூமுக்குப் போ" என்பாள். காபி அதற்கு அப்புறம்தான். தோல் வாடை என் புடவையில் இருக்கிறதாம். நான் எத்தனை முகர்ந்தாலும் எனக்கு வராது. பழகிவிட்டது என்று அதற்கும் ஒரு திட்டு விழும்.

வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பாக்கள் தோல் கொட்டகையிலும் பட்டறையிலும் வேலை பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்த எனக்கு ஒரு புத்தகம் தந்திருந்தார்கள். எழுதியவர் யாரோ, நல்ல வசதியான மனிதராக இருந்திருக்க வேண்டும். முதல் பாடமே, "உன் வீட்டின் பின்புறத்தில் உள்ள தோட்டத்தைப் பார். அங்கே என்ன காண்கிறாய்?" என்று ஆரம்பித்தது.

முன்வரிசையில் இருந்த பேச்சி கையைத் தூக்கினாள். இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால இசக்கி வீடுதான் டீச்சர் இருக்கு."

"சரி, இசக்கி வீட்டுக்குப் பின்னால?"

"எங்க வீடு."

ஆசிரியர்களுக்கென்று ஒரு கையேடும் இருந்தது. மாணவர்களை அருகிலுள்ள ஓடைக்கு அழைத்துச் செல்லவும்; ஓடை இல்லாவிடில் தோப்புக்கு அழைத்துச் செல்லவும்; பட்டாம்பூச்சி வலையை மறக்க வேண்டாம். எங்களுக்கு அருகில் ஓடியது நாலா. கறுப்பாக, நுரையோடு, யாரையும் கேட்காமல் ஓடும் பெரிய சாக்கடை அது. அதில் பட்டாம்பூச்சி வலையோடு போய் நின்றால் என்னைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

பீரோவில் ஒரு பனிக்கரடி

படங்கள் இருந்தன. இல்லை என்று சொன்னால் பாவம். காட்டு விலங்குகள், கோதுமை வயல், பழ வகைகள், பனிப் பிரதேசம் என்று துணி ஒட்டிய பெரிய பெரிய சார்ட்டுகள். ஒரு பூமி உருண்டையும் உண்டு. எல்லாம் ஹெட்மாஸ்டர் அறையில் இரும்பு பீரோவுக்குள். சாவி, ஹெட்மாஸ்டர் தங்கையா சாரின் தோளிலிருந்து பூணூல் மாதிரி தொங்கும் ஒரு கயிற்றில்.

தங்கையா சார் தங்கமான மனிதர். பிள்ளைகளை அடிக்க மாட்டார். ஆனால் அரசாங்கச் சாமானைப் பிள்ளைகள் தொடுவதை நினைத்தாலே அவருக்கு வேர்க்கும்.

"சார், பனிக்கரடி படத்தை மட்டும் ஒருநாள் குடுங்க சார்."

"கிழிஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்லுகது? எனக்கு முன்ன இருந்தவர் எப்படிக் குடுத்தாரோ அப்படியே நான் அடுத்தவருக்குக் குடுக்கணும்."

அவருக்கு முன்னால் இருந்தவரும் திறந்ததில்லை என்று கேள்வி. அந்தக் கரடி பம்பாய்க்கு வந்ததிலிருந்து வெளிச்சம் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் 'நம் சுற்றுப்புறம்' என்று மாணவர் கண்காட்சி வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். தங்கையா சார் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "டீச்சர், ஒங்க பெர்மனென்ட் ஆர்டர் இதுலதான் இருக்கு. அவரு நல்லாருக்குன்னு எழுதுனா ஆச்சு. இல்லன்னா அடுத்த வருசம் வேற ஆளு" என்றார்.

வீட்டில் நிலைமை இன்னும் நெருக்கடி. நாக்பூரில் ஒரு வரன் தயாராக இருந்தது. அவர்களுக்கு நான் வேலை பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை. நாக்பூரில் இருந்துகொண்டு தாராவியில் பார்க்க முடியாது, அவ்வளவுதான். எனக்கு அந்த நாலாம் வகுப்பை விட்டுப் போக இஷ்டமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியமும் இல்லை. அப்பா நடுவில் புகுந்து ஒரு சமரசம் செய்தார். பெர்மனென்ட் ஆகிவிட்டால் அம்மா ஒரு வருஷம் கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை. ஆகாவிட்டால் நான் மறுபேச்சு பேசுவதில்லை.

அம்மா ஒத்துக்கொண்டாள். நான் ஜெயிப்பேன் என்று அவள் நினைக்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மனிதன் செய்யாத பொருள்

கண்காட்சி அன்றைக்குப் பீரோவைத் திறந்து சார்ட்டைத் தருவதாக ஹெட்மாஸ்டர் பெரிய மனதோடு சொல்லியிருந்தார். அதை மட்டும் நம்ப முடியுமா? பிள்ளைகளிடம் சொன்னேன்: "ஸ்கூலுக்கு வர வழியில என்ன பாக்கறேளோ, அதுல மனுஷன் செய்யாத பொருள் ஒண்ணை ஆளுக்கொண்ணு கொண்டு வாங்கோ."

மறுநாள் வகுப்பு மூச்சுமுட்டியது. காக்கை இறகு, கொடுக்காப்புளி, நத்தை, தும்பி. தோல் பதனிட ஊரிலிருந்து மூட்டையில் வரும் ஆவாரம்பட்டை, கடுக்காய். உப்பளத்திலிருந்து கல்லுப்பு. கழிமுகத்துச் சேற்றில் நிற்கும் செடி ஒன்று வேரோடு. இப்போது அதை அலையாத்தி என்று அழகாகச் சொல்கிறார்கள். அப்போது எனக்கு அதன் பெயரும் தெரியாது. பேச்சி இரண்டு சாமான் கொண்டுவந்தாள். ஒன்று வனஸ்பதி டப்பாவில் ஒரு நண்டு. இன்னொன்று, ஒரு பாட்டில் நாலாத் தண்ணீர்.

"இது எதுக்குடி? மனுஷன் செய்யாததுன்னு சொன்னேனே."

"தண்ணியை யாரு டீச்சர் செஞ்சா?"

"தண்ணியைச் செய்யலை. கறுப்பை?"

பேச்சி யோசித்தாள். "அப்பம் பாதி செஞ்சது, பாதி செய்யாததுன்னு எழுதிருவோம்" என்றாள். நான் அதைக் கொண்டுபோய் ஜன்னல் மூலையில் வைத்தேன். அவள் அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அன்று முழுக்க இதே வேலையாக இருந்தோம்.

சரி, இவ்வளவையும் எப்படி அடுக்குவது? கையேட்டில் கண்ணாடி அலமாரி என்று போட்டிருந்தது. என்னிடம் பெஞ்சுகள் இருந்தன. பல பொருளை ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி வைக்க எனக்குத் தெரிந்த வழி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அதுதான் தெரிந்திருக்கும். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டுப் படி கட்டினேன். அப்பாவின் வெள்ளை வேட்டியை மேலே விரித்தேன். கீழ்ப்படியில் தண்ணீர், சேறு, உப்பு. அதற்கு மேல் செடிகொடி. அப்புறம் நத்தை, நண்டு. அதற்கும் மேல் பறவை இறகுகள். கொலுவில் ஓரறிவிலிருந்து மேலே ஏறிப் போவோமே, அதே வரிசை. உச்சிப்படியில் வைக்க மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

அது விஞ்ஞான முறை என்று சத்தியமாக நம்பினேன்.

சுண்டல் இல்லாமலா?

கண்காட்சி அன்று காலை ஹெட்மாஸ்டர் பீரோவைத் திறந்தார். கரையான். கோதுமை வயலில் கோதுமையும் இல்லை, வயலும் இல்லை. பனிக்கரடியின் நாலு கால் மட்டும் பத்திரமாக இருந்தது. தங்கையா சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரும் தொடலியே டீச்சர், யாரும் தொடலியே" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மேல் இரக்கமும் வந்தது. தகரத்தில் செய்த பூமி உருண்டை மட்டும் தப்பியிருந்தது. அதை அவரே துடைத்து எடுத்துவந்து உச்சிப்படியில் வைத்தார்.

அரை மணியில் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவர்கள் வருகிற வழக்கமில்லை. பெற்றோர் தினம் என்று ஒன்று வைத்து, டீயும் பிஸ்கட்டும் வாங்கி, கடைசியில் ஆசிரியர்களே சாப்பிட்ட கதையெல்லாம் உண்டு. இப்போது பார்த்தால் படிக்கட்டில் நெரிசல். எல்லாருக்கும் முன்னால் பேச்சியின் அம்மா சொர்ணம், கையில் மூடிபோட்ட தூக்குச்சட்டியோடு. சொர்ணம் எனக்குத் தெரிந்தவர்தான். எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீட்டில் பாத்திரம் தேய்த்தார். பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

"டீச்சர் ஸ்கூல்ல கொலு வச்சிருக்காகன்னு புள்ள சொல்லிச்சு. இந்த வருசம் புரட்டாசிக்கு முன்னாலயே வந்துட்டு போலுக்கேன்னு நெனச்சேன்" என்றார் சொர்ணம்.

"ஐயோ, இது கொலு இல்லை சொர்ணம். கண்காட்சி. நேச்சர் ஸ்டடி."

"அதாம், அதாம்" என்று சொர்ணம் செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். "கொலுன்னா சுண்டல் இருக்கணும்லா. டீச்சரு ஒத்தப் பொம்பள, அம்புட்டுப் பேருக்கும் எப்பிடி அவிப்பா? அதாம் நாங்களே அவிச்சுக் கொண்டாந்துட்டோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி ஊதுபத்தி ஏற்றிவிட்டாள். இன்னொருத்தி குங்குமச் சிமிழைத் திறந்தாள். சேற்றுச் செடிக்குக் குங்குமம். கடுக்காய்க்குக் குங்குமம். நாலாத் தண்ணீர் பாட்டிலுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பொட்டு. உருண்டையில் சரியாக ஆப்பிரிக்காவின் நெற்றியில் ஒன்று.

"சயின்ஸ்ல சாமி வரக்கூடாதே டீச்சர்!" என்று தங்கையா சார் என் காதில் அலறினார். அதே நிமிஷம்தான் வாசலில் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தது.

பெஞ்சின் மேல் ஓர் அதிகாரி

வெறுங்காலோடு உள்ளே வந்தார். மராட்டிக்காரர். உயரம், நரை மீசை, சிரிக்காத முகம். படிகளை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"யே சப் க்யா ஹை?" என்றார். இதெல்லாம் என்ன?

எனக்கு நாக்பூர் கண்ணுக்குத் தெரிந்தது. பேச்சிதான் முன்னால் வந்தாள். தாராவி ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சாப், யே சேறு, மத்லப் கீச்சட். உஸ்கா ஊபர் ஜாட். உஸ்கா ஊபர் கேக்டா" என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போனாள். கீச்சட் என்றால் சேறு, ஜாட் என்றால் செடி, கேக்டா என்றால் நண்டு. அவள் டப்பாவைக் காட்டியபோதுதான், அதன் மூடியைக் காணோம் என்பது தெரிந்தது. நண்டுக்குப் பூ வைக்க யாரோ பக்தியாக மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

நண்டு வெளியே இருந்தது. கொடுக்கில் ஒரு மல்லிகைப் பூவோடு, வேட்டியைப் பற்றிக்கொண்டு, பறவைப் படிக்கு ஏறிக்கொண்டிருந்தது. "உருண்டை! உருண்டை!" என்று ஹெட்மாஸ்டர் பாய்ந்தார். நண்டு பயந்து ஒரு படி சறுக்கி, இன்னொரு படி சறுக்கி, தரையில் விழுந்து, பக்கவாட்டில் ஓட்டமெடுத்தது. அந்த அறையில் அதற்குப் பிடித்த இடம் இன்ஸ்பெக்டரின் கால் பெருவிரல்தான் போலிருக்கிறது.

அவர் பெஞ்சில் ஏறிவிட்டார்.

அப்போது நான் செத்துவிடலாம் என்று நினைத்தது உண்மை. ஆனால் அந்த மனிதர் பெஞ்சின் மேல் நின்றபடியே பேனாவைத் திறந்தார். பேச்சியைப் பார்த்து, அது எங்கே கிடைத்தது, என்ன தின்னும், எப்போது வளையை விட்டு வெளியே வரும் என்று கேட்டார். பேச்சி ஒரு பதில் சொல்ல, தாய்மார்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். மாகிம் கழிமுகத்தில் என்றாள் ஒருத்தி. இல்லை, நாலா கடலில் விழுகிற இடத்தில் என்றாள் இன்னொருத்தி. மழைக்கு முன்னாலா, பின்னாலா என்று ஒரு தகராறு. பேச்சி அத்தனையையும் ஹிந்தியில் கொட்டினாள்.

"நாங்க வந்த புதுசுல கைய விட்டா நண்டு வரும்" என்றார் சொர்ணம், அந்தக் கறுப்புப் பாட்டிலைக் காட்டி. "இப்பம் கைய விட்டா சொறிதான் வருது."

பேச்சி மொழிபெயர்த்தாள். இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். தான் கொங்கணக் கரைக்காரர் என்றும், இந்த நண்டைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். தங்கள் ஊர் ஓடையும் இப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும்போது சிரிப்பு போய்விட்டது. பேச்சி பின்பக்கமாக வந்து நண்டைப் பிடித்து டப்பாவில் போட்ட பிறகுதான் கீழே இறங்கினார்.

சுண்டலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சார்ட் எங்கே என்று கேட்டார். தங்கையா சார் கரடியின் நாலு காலைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது என்னிடம், "எந்தப் பள்ளிக்குப் போனாலும் பெற்றோர் வரவில்லை, வரவில்லை என்றே எழுதி எழுதிக் கை வலிக்கிறது. இவர்களை எப்படி அழைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"அழைக்கவில்லை, சாஹேப்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் எழுதிய அறிக்கையைத் தங்கையா சார் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "மாதிரிப் பொருள்கள் மிகுந்த சுறுசுறுப்புடன் இருந்தன" என்று ஒரு வரி அதில் உண்டு. சீக்கிரமே ஆர்டர் வந்தது. நான் பெர்மனென்ட். அம்மா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

எங்கள் வீட்டு நவராத்திரி

புரட்டாசி வந்தது. எங்கள் கூடத்தில் கொலு. அம்மாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. யாராத்துக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றோமோ, அவர்களை நம் ஆத்துக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். சண்டை போட்டவர்களாக இருந்தாலும் சரி. கூப்பிடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"சொர்ணத்தைக் கூப்பிடணும்மா" என்றேன்.

"எந்தச் சொர்ணம்? கீழாத்துல பாத்திரம் தேய்க்கறவளா? சுண்டலை வேணா ஒரு டப்பால போட்டுக் குடுத்தனுப்பறேன்."

"அவ கொலுவுக்கு நான் போய்ச் சுண்டல் தின்னாச்சு. அந்தச் சுண்டல்லதான் என் வேலையே நிலைச்சுது. கூப்பிடாம அனுப்பறது உன் வழக்கத்துல உண்டா?"

அம்மா என்னை முறைத்தாள். அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் எல்லாம் பலமாகப் பேசின. அப்புறம் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, தானே படியிறங்கிப் போய்ச் சொர்ணத்தைக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். எனக்கு அம்மா மேல் அன்றைக்கு வந்த மாதிரி ஆசை எப்போதும் வந்ததில்லை.

சொர்ணம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். முன்பக்கத்துப் படி வழியாக. பட்டுப்புடவை, பக்கத்தில் பேச்சி, இரண்டு சடையும் இறுக்கிக் கட்டி. ஜமக்காளத்தில் நாலைந்து மாமிகள் உட்கார்ந்திருந்தார்கள். கீழாத்து மாமியும் இருந்தாள். தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரைப் பார்த்ததும் மாமி மடியில் இருந்த வெற்றிலையை எண்ண ஆரம்பித்தாள். அம்மா சொர்ணத்துக்குக் குங்குமம் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே ரவிக்கைத் துணி, தேங்காய், சீப்பு, கண்ணாடி. சொர்ணம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படிகளையே பார்த்தார்.

"எப்படி இருக்கு சொர்ணம்?" என்று அம்மா கேட்டாள். எல்லாரையும் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு மாமி. எங்க கொலுவுல எல்லாம் நவுந்துச்சு. இதுல ஒண்ணும் நவுரலியே."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் சிவந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சொர்ணம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மூன்றாவது படியில் இருந்த செட்டியார் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதே மாதிரி செட்டியாரு கீழ் வீட்டுலயும் உண்டு மாமி. வருசா வருசம் சமையக்கட்டு வாசல்ல நின்னு பாப்பேன். அங்கேருந்து ஒரு காதும் தொந்தியும்தான் தெரியும். அவரு சிரிச்சுக்கிட்டு இருக்காருன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அம்மா எழுந்து போய், செட்டியாரைப் படியிலிருந்து எடுத்து, துடைத்து, சொர்ணத்தின் கையில் கொடுத்தாள்.

"நன்னாப் பாரு" என்றாள்.